கப்பல் பதிவேடு முதல் கணிப்பொறிப் பதிவேடு வரை

இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லும் விதி ஒன்று உண்டு. அளவீட்டை எடுத்த உடனேயே அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுத வேண்டும். ரப்பரால் அழிக்கக் கூடாது. தாளைக் கிழிக்கவும் கூடாது. “தப்பை ஏன் சார் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும்?” என்று ஆண்டுக்கு ஒரு மாணவராவது கேட்பார். அடிக்கப்பட்ட எண்ணும் நடந்ததைச் சொல்லும் சாட்சிதான் என்று விடை கூறுவேன்.

இப்படிப் போதித்த நானே ஒரு சமயம் இவ்விதியை மறந்துபோனேன். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் துறையின் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை ஒரே திரையில் பார்க்கும்படி ஒரு டாஷ்போர்டை நாங்கள் இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து அமைத்தோம். மோட்டார் வண்டியில் ஓட்டுநருக்கு எதிரே வேகம், எண்ணெய், வெப்பம் எல்லாம் ஒருங்கே தெரியும் பலகை இருக்கிறதல்லவா? அதைப் போன்ற தகவல் பலகைதான் இது. ஒரு பருவத்தின் முடிவில் மாணவர் ஒருவர் வந்தார். செய்முறைத் தேர்வில் அவருக்கு 20க்கு 18 போட்டிருந்தேன். திரையிலோ 13 என்று இருந்தது. என் மேசையில் இருந்த காகிதப் பட்டியலைப் பார்த்து 18ஐ மீண்டும் ஏற்றிவிட்டோம். மாணவரின் குறை தீர்ந்தது. ஆனால் மாற்றியவர் யார்?

துறையில் எல்லோருக்கும் ஒரே பொதுப் பெயர், ஒரே கடவுச்சொல். செயலி எழுதி வைத்திருந்த சில வரிகளும் முந்தைய ஞாயிற்றுக்கிழமை அதைப் புதுப்பித்தபோது போய்விட்டிருந்தன. ஆதாரம் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து குடியேறியது. மதிப்பெண்களைத் தட்டச்சுச் செய்துவந்தவர் தற்காலிகப் பணியில் இருந்த ஓர் இளம்பெண். யாரும் அவரை நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை; பார்வைகளே போதுமானவையாக இருந்தன. “நான் செய்யலை சார்” என்று அவர் என்னிடம் சொன்னார். அதை மெய்ப்பிக்க அவரிடமும் ஒன்றும் இல்லை, மறுக்க எங்களிடமும் ஒன்றும் இல்லை.

பதிவேடு என்பது திருடனைப் பிடிப்பதற்கு மட்டுமன்று. குற்றமற்றவரைக் காப்பதற்கும் அதுவே கருவி. இதை அன்று உணர்ந்தேன். அது எங்கே இருக்க வேண்டும், எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை மனிதர் கற்றுக்கொண்ட வரலாறு மிகச் சுவையானது.

மரத்துண்டும் மணற்கடிகையும்

கணிப்பொறியாளர்கள் பதிவேட்டை ‘லாக்’ என்று அழைக்கின்றனர். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். மரக்கட்டைக்கும் பதிவேட்டுக்கும் என்ன உறவு? கடலோடிகளைக் கேட்க வேண்டும்.

ஓடும் கப்பலின் பின்புறத்திலிருந்து, கயிறு கட்டிய ஒரு மரத்துண்டைக் கடலில் போடுவர். மரத்துண்டு நீரில் நின்ற இடத்திலேயே நிற்க, கப்பல் முன்னேற முன்னேறக் கயிறு உருளையிலிருந்து கழன்று ஓடும். கயிற்றில் சம இடைவெளிகளில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணினால், அதுவே கப்பலின் வேகம். கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’, அதாவது முடிச்சு, என்ற அலகில் சொல்வதன் காரணம் இதுதான். ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் 1574இல் வெளியிட்ட கடற்பயண நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது.

முடிச்சுகளின் இடைவெளியை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கடல் மைல் ஏறத்தாழ 6,080 அடி. ஒரு மணிக்கு 3,600 விநாடி. பிற்காலத்தில் வழக்கத்துக்கு வந்த 28 விநாடிக் கடிகையை எடுத்துக்கொண்டால், 6,080ஐ 28ஆல் பெருக்கி 3,600ஆல் வகுக்கக் கிடைப்பது சுமார் 47 அடி 3 அங்குலம். முடிச்சுகளை அந்தத் தூரத்தில்தான் இட்டனர்.

அளந்த வேகத்தை அவ்வப்போது ஒரு கறுப்புப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, நாள்தோறும் அதைப் பதிவேட்டில் பெயர்த்து எழுதினர். மரத்துண்டின் பெயர் பதிவேட்டுக்கும் ஆகிவந்தது. நம் ஆய்வகத்தின் அப்சர்வேஷன் நோட்டும் ரெக்கார்டு நோட்டும் கப்பலிலேயே பிறந்துவிட்டன எனலாம்!

பழைய பதிவேடுகளின் பயன்

எழுதிய மாலுமிக்கு அன்றைய இருப்பிடம் தெரிந்தால் போதும். ஆனால் பதிவேட்டின் பயன் பெரும்பாலும் பின்னால் வருகிறவர்களுக்கே உரியது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ மோரி, 1842இல் வாஷிங்டனில் இருந்த வரைபடக் கிடங்கின் பொறுப்பை ஏற்றார். அங்கே பழைய கப்பல் பதிவேடுகள் குவிந்து கிடந்தன. எந்த மாதத்தில், எந்த இடத்தில், எந்தத் திசையில் காற்று வீசியது என்று ஒவ்வொன்றிலிருந்தும் அவர் தொகுக்கத் தொடங்கினார். 1847இல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது. அதைப் பின்பற்றிய கப்பல்கள் பயண நாட்களைக் குறைத்துக்கொண்டன.

இதில் மோரி கண்ட இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு தலைவரும் தம் போக்கில் எழுதியிருந்தால் பதிவுகளை ஒப்பிடுவது எப்படி? 1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பல நாட்டுக் கடற்படையினர் கூடி, கடலில் எடுக்கும் அளவீடுகளை ஒரே மாதிரியான கட்டங்களில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தனர். ஒரே சீரான அமைப்பு இல்லாத பதிவேடு பாதிப் பதிவேடு என்பது முதற்பாடம்.

விமானம் அழிந்தாலும் அழியாதது

இரண்டாவது பாடத்தை வானம் கற்பித்தது. கப்பல் மூழ்கினால் பதிவேடும் மூழ்கும். விமானம் விழுந்தாலோ சாட்சி சொல்லக்கூட ஆளிருப்பதில்லை. 1934இல் ஆஸ்திரேலியாவின் பாஸ் நீரிணைக்கு மேல் ‘மிஸ் ஹோபார்ட்’ என்ற விமானம் மறைந்தபோது, அதில் சென்ற ஒருவரின் மகனுக்கு வயது 9. அச்சிறுவனே பின்னாளில் மெல்போர்ன் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேவிட் வாரன். 1950களில் ‘காமெட்’ ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விபத்துக்குள்ளானபோது, விமானிகளின் பேச்சையும் கருவிகளின் அளவீடுகளையும் விடாமல் பதியும் ஒரு பெட்டி விமானத்தில் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். உலோகக் கம்பியில் காந்தமுறையில் பதியும் மாதிரிக் கருவி ஒன்று அந்தப் பத்தாண்டுகளுக்குள்ளேயே உருவாயிற்று.

நாம் கறுப்புப் பெட்டி என்கிறோம். உண்மையில் தேடுவோர் கண்ணில் படும்படி அதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசுகின்றனர். அதன் உறை அடியையும் தீயையும் தாங்குமாறு செய்யப்படுகிறது. எந்தப் பொருளைப் பற்றிய பதிவோ, அந்தப் பொருள் அழிந்தாலும் பதிவு அழியக் கூடாது. இதுவே இரண்டாவது பாடம். இதைக் கணிப்பொறியாளர்கள் ஒரு முறை அல்ல, பல முறை கற்க வேண்டியிருந்தது.

75 சென்ட் கணக்கு

தொடக்கக் காலக் கணிப்பொறிகளுக்கும் கப்பலைப் போலவே கையால் எழுதும் பதிவேடு இருந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு மார்க் 2 என்ற கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே நாடாவால் ஒட்டி, நேரம் பிற்பகல் 3.45 என்று குறித்து வைத்தனர். பூச்சியோடு கூடிய அப்பக்கம் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

1960களில் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கொர்பாட்டோவின் குழு 1961இல் இதைச் செய்து காட்டியது. பலர் பகிரும்போது யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்ற கணக்கு வேண்டும். ஆகவே கணிப்பொறி தன் பயனர்களைப் பற்றித் தானே எழுதத் தொடங்கியது. பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் இயக்க முறைமையின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே, உள்ளே வந்தவர், வெளியே போனவர் விவரத்தைச் சேர்த்து வைக்கும் கோப்பு இடம்பெற்றுவிட்டது.

இந்தக் கணக்குப்பிள்ளை வேலை ஒரு நாள் உலகச் செய்தியாயிற்று. 1986 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறிப் பிரிவுக்கு வந்திருந்தார் கிளிஃபர்டு ஸ்டோல் என்ற வானியலாளர். அங்கே கணிப்பொறி நேரத்துக்கான கணக்கு 75 சென்ட் உதைத்தது. அற்பத் தொகை, வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார். ஸ்டோல் தோண்டினார். முகவரியே இல்லாத ஒரு பயனர் சில விநாடிகள் கணிப்பொறியைப் பயன்படுத்தியிருந்தார். எவரோ அயலார் உள்ளே புகுந்திருக்கிறார்!

வாசகர்களே, இங்கேதான் நம் கதையின் திருப்பம் இருக்கிறது. புகுந்தவர் அம்முறைமையின் உச்ச அதிகாரத்தைக் கைப்பற்றிவிட்டார். கணிப்பொறிக்குள் இருக்கும் எந்தப் பதிவையும் அவரால் திருத்த முடியும். எனவே ஸ்டோல் கணிப்பொறிக்குள் எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு வார இறுதியில் அச்சுப்பொறிகளை இரவல் வாங்கித் திரட்டி, வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் பொருத்தினார். ஊடுருவியவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் அச்சாயிற்று. கணிப்பொறிக்குள் அவர் எவ்வளவு வல்லவராக இருந்தாலும், வெளியே மேசைமேல் கிடக்கும் காகிதத்தை அவரால் அழிக்க முடியாதல்லவா? தடம் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரம் வரை சென்றது. மார்க்கஸ் ஹெஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்க இராணுவக் கணிப்பொறிகளில் எடுத்த விவரங்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தது தெரிந்தது. 1990இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

எழுதுவது வேறு, காப்பது வேறு

அதே 1980களில், பெர்க்லியில் இருந்த எரிக் ஆல்மன், அஞ்சல்களைக் கையாளும் ‘சென்ட்மெயில்’ என்ற செயலியை எழுதினார். அதனுடன் ‘சிஸ்லாக்’ என்ற ஏற்பாட்டையும் அமைத்தார். செயலி தன் செய்தியைச் சொன்னால் போதும். அதை எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது என்பதைப் பதிவேட்டுக்கென்றே உள்ள தனிச் செயலி பார்த்துக்கொள்ளும். வேண்டுமானால் வலையமைப்பின் வழியே வேறொரு கணிப்பொறிக்கே அனுப்பிவிடும். செய்தியின் கடுமையையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக அவ்வேற்பாடு வகுத்தது. ஸ்டோல் காகிதத்தால் செய்ததை இது கம்பி வழியே செய்தது எனலாம்.

1990களில் இணையதளங்கள் வந்தபோது, எந்த முகவரியிலிருந்து, எந்நேரத்தில், எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, எவ்வளவு அனுப்பப்பட்டது என்று ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி எழுதும் பொது வடிவம் நிலைபெற்றது. பிரஸ்ஸல்ஸ் கூட்டத்தின் கட்டங்கள் மீண்டும் பிறந்தன!

கொள்கலன் வந்தது

1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 உலோகப் பெட்டிகளுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. சரக்கு எதுவானாலும் பெட்டி ஒரே அளவு. எந்தப் பாரந்தூக்கியாலும் எடுக்கலாம். கன்டெய்னர் எனப்படும் கொள்கலன் வணிகம் இதிலிருந்து பெருகிற்று. மென்பொருளாளர்களும் இக்கருத்தைக் கடன் வாங்கினர். செயலியையும் அதற்கு வேண்டிய துணைப் பொருள்களையும் ஒரே பொதியாகக் கட்டினால் எந்தக் கணிப்பொறியிலும் அப்படியே ஓடும். 1979இல் யூனிக்ஸில் தோன்றிய ‘சேஞ்ச் ரூட்’ என்ற சிறு வசதி இதன் மூதாதை. 2013இல் வெளிவந்த ‘டாக்கர்’ இதை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது.

இதன் இயல்பை ஓர் உவமையால் விளக்கலாம். விநாயக சதுர்த்திக்கு அச்சில் களிமண்ணை அழுத்திப் பிள்ளையார் செய்கிறார்கள். அச்சு மாறாது, பிள்ளையாரை எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம், ஆற்றிலும் கரைக்கலாம். டாக்கரில் அச்சுக்குப் படிமம் என்று பெயர். அதிலிருந்து எடுத்த பிள்ளையாரே கொள்கலன். செயலியைப் புதுப்பிக்கும்போது பழைய கொள்கலனைத் திருத்துவதில்லை. அதை நீக்கிவிட்டுப் புதிய படிமத்திலிருந்து இன்னொன்றை எடுக்கிறோம். பழைய பிள்ளையாரின் முதுகில் எதையாவது எழுதி வைத்திருந்தால் அதுவும் ஆற்றோடு போய்விடும். எங்கள் பதிவேட்டுக்கு நேர்ந்தது இதுவே!

2011இல் ஹெரோகு நிறுவனத்தினர் வெளியிட்ட பன்னிரண்டு நெறிகளில் ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. செயலி தன் பதிவைத் தன்னுள் கோப்பாக வைக்கக் கூடாது; வரி வரியாக வெளியே சொல்லிவிட வேண்டும் என்பது அந்நெறி. டாக்கர் அவ்வரிகளைப் பிடித்து, கொள்கலனுக்கு வெளியே ஒரு கோப்பில் சேர்க்கிறது. ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாமாக வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், கொள்கலனை நீக்கும்போது டாக்கர் அக்கோப்பையும் நீக்கிவிடும். நீக்காத கோப்போ அளவுக்கட்டுப்பாடு இல்லாவிட்டால் வளர்ந்து வளர்ந்து வட்டையே நிரப்பிவிடும். ஆகவே அளவுக்கு வரம்பு வைத்து, பதிவுகளை வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பிவிடுவதே பாதுகாப்பு.

நாங்கள் செய்தது

முதலில் பொதுப் பெயரை ஒழித்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கொடுத்தோம். ஐந்து பேர் ஒரே பெயரில் நுழைந்தால், எத்தனை வரி எழுதினாலும் பயனில்லை.

அடுத்து, என்ன எழுதுவது? இணையதளத்தின் வழக்கமான பதிவு ‘பக்கம் கேட்கப்பட்டது’ என்று மட்டுமே சொல்லும். 18 என்பது 13 ஆயிற்று என்று சொல்லாது. எனவே செயலிக்குள்ளேயே, யார், எப்போது, எங்கிருந்து, எதை, எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு மாற்றினார், மாற்றம் நிறைவேறியதா என்ற ஆறு விவரங்களைப் பதியச் செய்தோம். ‘எங்கிருந்து’ என்பதில் ஒரு சிக்கல் நேர்ந்தது. எல்லா வரியிலும் ஒரே முகவரி வந்தது! கொள்கலனுக்கு முன்னே வாயிற்காவலன்போல் நிற்கும் இடைச் செயலியின் முகவரி அது. பயனரின் முகவரியை அது எடுத்துச் சொல்லுமாறு அமைத்த பிறகே சரியாயிற்று.

மதிப்பெண்ணை மாற்றுவதும் பதிவெழுதுவதும் தரவுத்தளத்தில் ஒரே நடவடிக்கையாகப் பிணைக்கப்பட்டன. நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடவா. பதிவு அட்டவணையில் புது வரி சேர்க்க மட்டுமே செயலிக்கு அனுமதி. திருத்தவோ நீக்கவோ அனுமதி இல்லை. பேனா உண்டு, ரப்பர் இல்லை! தரவுத்தளமும் கொள்கலனுக்கு வெளியே; அதன் நகல் இரவுதோறும் வேறொரு கணிப்பொறிக்குச் செல்லும்.

அடுத்த பருவத்தில் மறுபடி ஒரு மதிப்பெண் மாறியது. பதிவேட்டைத் திறந்தோம். அதே பெண்ணின் பெயர், நேரம் 4.40. “விடியற்காலையில் நாலே முக்காலுக்கு யாரப்பா காலேஜில் இருப்பார்கள்? கடவுச்சொல்லை யாருக்கோ கொடுத்திருக்கிறார்” என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அறையில் அமைதி. நான் அவ்வரியை மீண்டும் படித்தேன். நேரத்தின் கடைசியில் ‘இசட்’ என்ற எழுத்து இருந்தது. அது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தின் அடையாளம். கொள்கலன்களில் கடிகாரம் பெரும்பாலும் அந்நேரத்தையே காட்டும். நம் நாட்டு நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. 4.40ஐக் கூட்டினால் காலை 10.10! அந்நேரத்தில் அவர் துறை அலுவலகத்தில் எல்லோர் கண்முன்னே அமர்ந்திருந்தார். பழைய மதிப்பு 11, புதிய மதிப்பு 17 என்றது பதிவு. ஆசிரியர் ஒருவர் கையெழுத்திட்டுத் தந்த திருத்தச் சீட்டு அவரது கோப்பில் இருந்தது; அதிலும் அதே எண்கள். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. சீட்டைத் திரும்பக் கோப்பில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அளவுக்கு மிஞ்சினால்

எல்லாவற்றையும் எழுதிவிடலாமா? கூடாது. 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே அதன் உள்பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டுவந்ததே காரணம். கடவுச்சொல், வங்கி எண், நோய் விவரம் போன்றவை பதிவேட்டில் ஏறவே கூடாதவை. ஓர் ஆசிரியர் திரையை எத்தனை நிமிடம் பார்த்தார் என்று எழுதுவதும் எங்களுக்குத் தேவையில்லை. அது பதிவன்று, வேவு. எவ்வளவு காலம் வைப்பது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். இந்தியாவின் கணிப்பொறிப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் இட்ட ஆணையில் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்றது. என்ன பதிகிறோம், யார் பார்க்கலாம் என்பதைப் பயன்படுத்துவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நம் கடமை.

முதல் முறை 18ஐ 13 ஆக்கியவர் யார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வேண்டுமென்றே செய்ததோ, கைதவறிய தட்டலோ, அதைச் சொல்லக்கூடிய வரி கொள்கலனோடு போய்விட்டது. எழுதப்படாத அளவீட்டைப் பின்னர் எந்தக் கணிதத்தாலும் வருவிக்க முடியாது என்பது ஆய்வகத்தில் நாம் அறிந்த உண்மைதானே! இப்போது முதல் நாள் வகுப்பில் என் விதியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: எழுது, அழிக்காதே, எழுதியதை எரியும் அடுப்பின் பக்கத்தில் வைக்காதே.